அடிபம்பும் அன்றைய சொல்லும்

ஓலைக்குடி காலனியின் அடிபம்பு சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் தருவதை நிறுத்திக்கொண்டது. கைப்பிடி மேலே போனது, கீழே வந்தது, இழுப்புக்காரன் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. செல்லக்கண்ணு இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, வாசர் போய்விட்டது என்றான்.

குன்னத்தில் பத்து வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் அவன். காற்றடிக்கிற பம்பில் தோல் வாசர் தேய்ந்துபோனால் பிடி எப்படித் தொளதொளவென்று இறங்கும் என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். சின்னதானாலும் பெரியதானாலும் பம்பு பம்புதான். உள்ளே வட்டமாக ஒரு துண்டுத் தோல். அதை மாற்றினால் தீர்ந்தது.

ஆனால் மாற்ற முடியாது. பம்பு அரசாங்கத்துச் சொத்து. அதைத் திறக்கிற ஸ்பேனர் ஒன்றிய அலுவலகத்துப் பீரோவில் பூட்டி இருந்தது. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஒருவன் யாரையும் கேட்காமல் தானே திறந்து சரிசெய்துவிட்டான். அரசுச் சொத்தில் கை வைத்தான் என்று அவனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சரிசெய்த பிறகு தண்ணீர் கொட்டியது என்று அவன் சொன்னதை அவனுக்கு எதிரான சாட்சியமாக எழுதிக்கொண்டார்கள்.

மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்த 1983 அது. ஊர்க் கிணற்றில் இறைக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியாது. அது ஊர்க் கிணறு, இது காலனி. மிச்சம் இருந்தது ஒன்றரை மைலுக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் வெட்டிப் போட்ட பள்ளம். அதில் போன வருஷத்துத் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. எருமைகள் முதலில் இறங்கும். அவை ஏறின பிறகு பெண்கள் இறங்குவார்கள். செல்லக்கண்ணுவின் மனைவி குஞ்சம்மாள் துணி போட்டு வடிகட்டிக் கொண்டுவந்தாள். துணியில் நின்ற தலைப்பிரட்டைகளைத் தெருவில் உதறிவிட்டு, மீதியைக் குடித்தார்கள்.

செல்லக்கண்ணு ஒரு முழுத்தாளில் மனு எழுதினான். பம்பில் வாசர் தேய்ந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும், எண்பது வீட்டு ஜனங்கள். நாலே வரி. எழுதிக்கொண்டு சைக்கிளில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனான்.

அவன் போய்ச் சேர்ந்த நேரம் பத்தரை. ரயில் எட்டிப் பார்க்காத அந்தப் பக்கத்தில், அரியலூரிலிருந்து யாரோ கொண்டுவந்த தண்டவாளத் துண்டு ஒன்று அலுவலக வாசலில் தொங்கியது. பியூன் அதை இரும்பால் அடித்தான். உடனே பதினான்கு சிப்பந்திகளும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டுடன் நடுக்கூடத்தில் வந்து நின்றார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. ஆணையர் காசிநாதன் சாக்பீஸோடு வந்தார்.

இந்தச் சடங்குக்கு ஒரு பூர்வ கதை உண்டு. காசிநாதன் நாற்பது நாள் பயிற்சிக்காக ஒரு மலை ஊருக்குப் போயிருந்தார். அங்கே சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய அதிகாரி ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். காசிநாதனும் சிரித்தார். அறைக்குப் போய் அகராதியைப் புரட்டின பிறகுதான் அந்தச் சொல் தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்த வாரமே அலுவலகத்தில் ஆங்கிலச் சொல்வள மன்றம் தொடங்கிவிட்டார்.

மன்றத்தின் விதிகள் எளிமையானவை. தினம் ஒரு சொல். அதை எல்லோரும் பொருளோடு எழுதிக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொரு பிரிவும் அந்தச் சொல்லை ஏதாவது ஒரு கோப்பில் உபயோகித்திருக்க வேண்டும். உபயோகிக்காத பிரிவுக்கு மெமோ. கோப்பில் உள்ள விஷயத்துக்கும் சொல்லுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அது இரண்டாம் ஆண்டுப் பாடம் என்று ஆணையர் சொல்லியிருந்தார். எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று அரசாணை இருக்கிறதே என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு அவர் நிதானமாகவே பதில் சொன்னார்.

"கோப்பு தமிழ்ல இருக்கட்டும். அறிவு இங்கிலீஷ்ல இருக்கணும்."

அன்றைய சொல் ஹைப்பதெட்டிகல். உண்மையில் இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொள்வது என்று பொருள் எழுதினார். பதினான்கு பேரும் மூன்று தரம் சொன்னார்கள். கடைசி 'கல்' மட்டும் எல்லோருக்கும் சேர்ந்து வந்தது.

குடிநீர்ப் பிரிவு எழுத்தர் இளையபெருமாள் கவலையோடு தன் மேஜைக்குத் திரும்பினார். அன்று அவரிடம் ஒரு கோப்பும் இல்லை. சொல்லை எங்கே போடுவது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் செல்லக்கண்ணு மனுவை நீட்டினான். இளையபெருமாளின் முகம் கோயில் விளக்குப் போலப் பிரகாசமானது. ஓர் அரசு எழுத்தர் தன் மனுவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று செல்லக்கண்ணு எதிர்பார்க்கவே இல்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

"வாசர நானே போட்டுக்கிறேங்க. அந்த ஸ்பேனர மட்டும் ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும்" என்றான்.

"ஸ்பேனர், வாசர்... இதெல்லாம் ஒரு வார்த்தையாப்பா? இத வச்சு ஃபைல் நகருமா? நீ போயிட்டு அடுத்த வாரம் வா. நான் நல்ல வார்த்தையாப் போட்டு வைக்கிறேன்."

போட்டு வைத்தார். 'மேற்படி காலனியில் உள்ள பம்பு ஹைப்பதெட்டிகல் தன்மை வாய்ந்தது எனப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.' ஆணையர் அந்தச் சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நன்று என்று எழுதினார்.

அடுத்த வாரம் செல்லக்கண்ணு போனபோது கோப்பில் ஒரு கேள்வி நின்றது. இல்லாத பம்பில் வாசர் தேய்ந்தது எப்படி? மனுதாரர் விளக்க வேண்டும்.

செல்லக்கண்ணு விளக்கினான். பம்பு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்றான். அது வாய்ச்சொல், எழுத்தில் வேண்டும் என்றார்கள். எண்பது வீட்டிலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக் கொண்டுபோனான். தண்ணீர் இல்லை என்றுதான் எண்பது பேரும் சொல்லியிருக்கிறார்கள், பம்பு இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று இளையபெருமாள் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் டைப்பிஸ்ட் சம்பூர்ணம்தான் உதவிக்கு வந்தாள். தினம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் ஓலைக்குடி வழியாகத்தான் வரும். ஜன்னலோரத்திலிருந்து பம்பைத் தான் கண்ணால் கண்டதாக எழுதிக் கொடுத்தாள். ஓர் அரசு ஊழியர் கண்டிருப்பதால் பம்பு இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. இதற்கு மூன்று வாரம்.

சம்பூர்ணம் அவனுக்கு ஒரு புத்தியும் சொன்னாள். "அண்ணே, வந்ததும் மனுவ நீட்டாதீங்க. முதல்ல போர்டுல என்ன வார்த்தைன்னு என்னக் கேளுங்க. ஆகாத வார்த்தையா இருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க."

சனங்களும் அதற்குள் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற மாதிரி அன்றைய சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகப் படி ஏறினார்கள். எதிர்த்த டீக்கடையில் அதைத் தமிழாக்கி எழுதிப் போட்டார்கள். 'டெம்பரரி' என்று போட்ட அன்று வீட்டுமனை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். தப்பித் தவறி உள்ளே போன ஒரு கிழவர் மட்டும் தாற்காலிகமானவர் என்று கோப்பில் ஏறினார். அது ஒன்றும் பொய்யில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

வைகாசிக் கடைசியில் காலனியில் வாந்திபேதி வந்தது. செல்லக்கண்ணுவின் ஆறு வயது மகள் வேம்புக்கும் வந்தது. குழந்தையை நாலு நாள் அரியலூர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பள்ளத்துத் தண்ணீரைக் கொடுக்காதே என்று டாக்டர் திட்டினார். வேறு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் பிரிவு அல்ல.

குஞ்சம்மாள் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்தபடி புருஷனைப் பார்த்தாள். "சைக்கிளு மிதிச்சு மிதிச்சுப் போற வார, அந்த ஆபீஸ்ல உனக்கு என்னய்யா குடுக்கிறானுவ?"

"வார்த்த குடுக்கிறாங்க" என்றான்.

"அதக் கொடத்துல புடிச்சாரதுதான?"

சொல் பார்க்கப் பொறுமையில்லாமல் அன்றே ஓடினான் செல்லக்கண்ணு. பலகையில் ஆப்டிமிஸ்டிக் என்று இருந்தது. நல்லதே நடக்கும் என்று நம்புவது என்று அர்த்தம். 'மேற்படி காலனியில் வாந்திபேதி நிலவரம் மிகவும் ஆப்டிமிஸ்டிக்காக உள்ளது' என்று எழுதிக்கொண்டு, இளையபெருமாள் குழந்தையைப் பற்றி அன்பாக விசாரித்தார். அவர் கெட்டவர் இல்லை. நாலு பெண்களைப் பெற்றவர். ஒரு மெமோ வந்தால் ஓர் இன்கிரிமெண்ட் போகும்.

பிறகு நாஸ்டால்ஜியா வந்தது. போய்விட்ட காலத்தை நினைத்து ஏங்குவது. காலனி மக்கள் குடிநீர் மீது நாஸ்டால்ஜியா கொண்டுள்ளனர் என்று கோப்பு சொன்னது. இரண்டு மாதத்தில் அந்தக் கோப்பில் ஏறிய ஒரே உண்மை அதுதான். அதற்கு மட்டும் ஆணையர் சிவப்புக் கோடு போடவில்லை. உணர்ச்சி அதிகம் என்று எழுதியிருந்தார்.

ஆடி மாதம் முதல் வெள்ளி. சம்பூர்ணம் தங்கை கல்யாணத்துக்காக லீவு. டீக்கடையும் பூட்டியிருந்தது. பலகையில் இருந்ததைச் செல்லக்கண்ணுவால் எழுத்துக் கூட்டக்கூட முடியவில்லை. ரொம்ப நீளமாக இருந்தது. நீளமான சொல்லில் நல்லதும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்து உள்ளே போய்விட்டான்.

சொல் சூப்பர்ஃப்ளுவஸ். தேவைக்கு மேற்பட்டது, வேண்டாதது என்று பொருள்.

அன்று இளையபெருமாளுக்குக் கை தானாக ஓடியது. 'மேற்படி பம்பு தண்ணீர் தராததால் சூப்பர்ஃப்ளுவஸ் ஆகக் கருதப்படலாம்.' ஆணையர் இரண்டு கோடு போட்டார். இவ்வளவு கச்சிதமான உபயோகத்தை அவர் இதுவரை கண்டதில்லை. கருதப்படலாம் என்பதை அடித்துவிட்டு, கருதப்பட்டது, உடன் நடவடிக்கை எடுக்க என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்தக் கோப்பில் விழுந்த ஆணையரின் முதல் கையெழுத்து அது. உடன் நடவடிக்கை என்ற வரியை இளையபெருமாள் விரலால் காட்டினார். செல்லக்கண்ணு மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழியெல்லாம் மணியடித்துக்கொண்டே வந்தான். திங்கட்கிழமை ஆள் வருகிறது என்றான். காலனியில் பாதை கூட்டினார்கள். குஞ்சம்மாள் பள்ளத்துத் தண்ணீரைத் தெளித்துப் பம்பைச் சுற்றிக் கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

திங்கட்கிழமை டிராக்டரில் ஒன்றியத்து மெக்கானிக் கொளஞ்சியப்பன் வந்து இறங்கினான். பீரோவில் இருந்த ஸ்பேனர் கையில் இருந்தது. அதை அப்போதுதான் செல்லக்கண்ணு முதல்முதலாகப் பார்த்தான். சாதாரண ஸ்பேனர்தான். கொளஞ்சியப்பன் பம்பை மேலிருந்து கழற்றினான். குழாயை உருவினான், கம்பியை உருவினான், எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றினான். ஒர்க்ஷாப்புக்குப் போகிறதாக்கும் என்று சனங்கள் ஏற்றிவிடக்கூட உதவினார்கள்.

துளையின் வாயில் ஒரு கல்லை வைத்து மூடினபோதுதான் குஞ்சம்மாள் கேட்டாள். "எப்ப திருப்பி வருமுங்க?"

கொளஞ்சியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், சூப்பர்ஃப்ளுவஸ் என்று எழுதியிருந்த ஆர்டரை எடுத்துக் காட்டினான். "திருப்பி வராதும்மா. ஒங்களுக்கு இது தேவைக்கு அதிகமாம்."

டிராக்டர் போன பிறகும் கோலம் அப்படியே இருந்தது.

பம்பை அலுவலக வாசலில் சிமெண்டு மேடை கட்டி நிறுத்தினார்கள். அடியில் துளை கிடையாது. மேடைக்குக் கீழே மண்தான். இருந்தாலும் ஒன்றியத்தின் சாதனைகளில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும், ஆங்கில வார விழா வருகிறது என்றார் ஆணையர். சுற்றிலும் குரோட்டன்ஸ் வைத்தார்கள். தண்ணீர் வருகிறதா என்று இளையபெருமாள் அடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். ஓலைக்குடியிலும் தண்ணீர் தரவில்லை, இங்கேயும் தரவில்லை, ஆகவே பம்பு கன்சிஸ்டென்ட்டாக இயங்கி வருகிறது. குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பியூன் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினான்.

செல்லக்கண்ணு தினமும் வந்தான். மனு எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாது. பம்புக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பாட்டன் பூட்டன் யாரும் எந்தச் சாமியையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஆங்கில வார விழா ஆவணியில் நடந்தது. சாமியானா, மைக் செட், திருச்சியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி. பம்புக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆணையர் காசிநாதன் முக்கால் மணி நேரம் பேசினார்.

"நான் பொறுப்பேத்தப்ப இந்த ஆபீஸ்ல பதினாலு பேருக்கும் சேர்த்து இருநூறு வார்த்தைகூடத் தெரியாது. இன்னிக்கு முந்நூற்றுப் பன்னெண்டு. ஒரு மனுவுக்குக்கூட நாங்க வார்த்தை இல்லாமப் பதில் சொன்னதில்லை. குடிதண்ணி, ரோடு, தெருவிளக்கு, இதெல்லாம் எந்த ஒன்றியத்துலயும் கேப்பாங்க. கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்கு வத்தும். சொல் வத்தாது."

கை தட்டினார்கள். இளையபெருமாள் கடைசியாக நிறுத்தினார்.

பெரிய அதிகாரிக்குச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. சூப்பர்ஃப்ளுவஸ் என்ற சொல்லை வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணத்தோடு விளக்குங்கள் என்றார். பதினான்கு நோட்டுகள் புரண்டன. பதினான்கிலும் பொருள் இருந்தது. உதாரணம் எதிலும் இல்லை. ஆணையருக்கு வியர்த்தது. பொதுமக்களிலாவது யாராவது உண்டா என்று அதிகாரி விளையாட்டாக மைக்கில் கேட்டார்.

சாமியானாவுக்கு வெளியே நின்ற செல்லக்கண்ணு கையைத் தூக்கினான். பியூன் தடுக்கப் போனான். அதிகாரி வரச்சொன்னார்.

"எனக்குத் தெரியுங்க" என்றான் அவன். மைக் வாயில் இடித்தது. "அந்தா நிக்குதே பம்பு, அது எங்க தெருவுல நின்னா சூப்பர்ஃப்ளுவஸுங்க. உங்க வாசல்ல நின்னா இல்லீங்க. எங்க பொம்பளைங்க ஒன்றர மைலு நடந்து எரும மூத்திரத்த மொண்டுகிட்டு வராங்க. அதையும் கொஞ்ச நாள்ல வேண்டாததுன்னு எடுத்துக்குவீங்க. அவ்வளவுதாங்க எனக்குத் தெரிஞ்ச அர்த்தம்."

பெரிய அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். அற்புதம் என்றார். ஒரே சொல், அதன் இரண்டு நிலைகள், எதிரெதிரான உதாரணம். கல்லூரிப் பேராசிரியர்கூட இப்படி விளக்கமாட்டார் என்றார். எருமையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அது கேள்வியில் இல்லை.

ஆணையருக்கு உயிர் திரும்பியது. ஒரு சைக்கிள் கடைக்காரருக்கே சொல்வளம் ஊட்டியிருக்கிறோம் என்று அறிவித்தார். விழா நாளின் சொல்லாக அன்று காலை பலகையில் எழுதியது மேக்னானிமஸ், பெருந்தன்மை உடைய என்று அர்த்தம். அதை அவரும் ஐந்து மணிக்குள் எங்காவது உபயோகித்தாக வேண்டும். ஆகவே தன்னுடைய மேக்னானிமஸ் முடிவாக, இந்தப் பம்பை ஓலைக்குடி காலனிக்கு அன்பளிப்பாக வழங்குவதாக மைக்கில் சொன்னார். சிறந்த உபயோகத்துக்கான பரிசு என்று பதிவறையிலிருந்து ஓர் அகராதியும் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம், இரண்டு செங்கல் கனம், தடித்த தோல் அட்டை. செல்லக்கண்ணு அதைச் சைக்கிள் கேரியரில் டியூபால் கட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் கொளஞ்சியப்பன் டிராக்டரில் பம்போடு வந்தான். இந்தத் தடவை யாரும் கோலம் போடவில்லை. குழாய்களை இறக்கினான். கம்பியின் அடியிலிருந்த உருளையைத் திறந்தான். உள்ளே தேய்ந்துபோன வாசர் நாலு மாதத்துக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருந்தது. எத்தனையோ கைமாறியும் அதை மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை.

புது வாசர் எங்கே என்று செல்லக்கண்ணு கேட்டான்.

"ஸ்டோர்ல இல்ல. எழுதிப் போடணும். ஆர்டர்ல பம்ப மாட்டுன்னுதான் இருக்கு, தண்ணி வரவைன்னு இல்ல."

செல்லக்கண்ணு வீட்டுக்குள் போய் அகராதியை எடுத்து வந்தான். கடையில் டயர் வெட்டுகிற கத்தியால் முதுகோரம் கிழித்து அட்டையின் தோலை உரித்தான். எண்பது வருஷத் தோல், பசை ஊறி இறுகிப் பலகையாக இருந்தது. பழைய வாசரை மேலே வைத்து வட்டம் கீறினான். நாலு வட்டம் வெட்டி அடுக்கி, ஓரம் தைத்து, விளக்கெண்ணெயில் ஊறப் போட்டான்.

கொளஞ்சியப்பன் ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டு தரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான். "யோவ், அது ஆணையர் குடுத்த பரிசு."

"உள்ள இருக்கிற வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணும் சிந்தல. வேணும்னா எடுத்துட்டுப் போ."

கொளஞ்சியப்பன் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வாசரை மாட்டி, உருளையை இறக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். செல்லக்கண்ணு கைப்பிடியைப் பிடித்தான். பத்து அடிக்கு ஒன்றுமில்லை. இருபதாவது அடியில் கை கனத்தது. அந்தக் கனம் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்த கனம். குழாய் ஒருமுறை கக்கியது, பிறகு கொட்டியது.

குஞ்சம்மாள் முதல் குடத்தைப் பிடித்தாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டவள் முகம் கோணிப்போய்த் தூரத் துப்பினாள். பழம்பசையும் பதிவறை மக்கலும் ஒன்றாக நாறியது.

"த்தூ. ஆபீசு நாத்தம்."

குடத்தை அப்படியே தரையில் கவிழ்த்தாள். அட்டையில்லாமல் கிடந்த அகராதிக்கு அடியில் அந்தத் தண்ணீர் ஓடிப் புகுந்தது. அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் குடத்தைத் திரும்பக் குழாயடியில் வைத்தாள்.

"அடிய்யா" என்றாள். "நாத்தம் போற மட்டும் அடி."